கிடாருக்கு ஒரு சிவப்பு பட்டன்... டோக்கியோவில் ஒரு ஸ்டேஷன் தூரப் பயணம்!

டோக்கியோவில் மஞ்சள் கோடு போட்ட சோபு லைன் ரயில் ஒன்று ஓடுகிறது. அதில் ஒச்சனோமிஸு ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அகிஹபரா. தூரம் 0.9 கிலோமீட்டர். நேரம் இரண்டு நிமிடம். உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்!

ஏறுகிற இடம் கிடார் கடைகளுக்குப் பேர்போனது. இறங்குகிற இடம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு. முதல் இடத்தில் கிடார் வாங்கியவர்கள், இரண்டாவது இடத்தில் அதற்கு ஒரு பட்டன் வாங்கலாம். கேம் சென்டர்களில் நிற்கும் வீடியோ கேம் மெஷின்களில் பளிச்சென்று சிவப்பு நிறத்தில் இருக்குமே, பிள்ளைகள் 'டப் டப்' என்று அடித்து விளையாடுவார்களே... அதே பட்டன்தான். அதை எலெக்ட்ரிக் கிடாரில் பொருத்திவிட்டால் அதன் பெயர் 'கில் ஸ்விட்ச்'.

பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். அது யாரையும் எதுவும் செய்யாது. அழுத்தினால் கிடாரின் சத்தம் சட்டென்று நின்றுவிடும். விட்டால் திரும்ப வரும். அவ்வளவுதான்.

சத்தம் வருவதற்காகப் பணம் செலவழித்து கிடார் வாங்கிவிட்டு, அதை நிறுத்துவதற்காக இன்னொரு ஸ்டேஷன் வரை போவார்களா? போகிறார்கள். அந்தச் சின்னப் பட்டனைப் பின்தொடர்ந்து போனால், டோக்கியோவின் இரண்டு பழைய கடைத்தெருக்களின் கதையும் சேர்ந்து கிடைக்கிறது.

மௌனமும் ஒரு வாசிப்புதான்

மிருதங்கக் கச்சேரி கேட்பவர்களுக்கு 'கார்வை' புதிதல்ல. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வாசிப்பவர் விடுகிற இடைவெளி அது. கை சும்மா இருக்கும். தாளம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி சரியாக விழுந்தால்தான் அடுத்த அடி 'ணங்'கென்று கேட்கும்.

எலெக்ட்ரிக் கிடாரில் கில் ஸ்விட்ச் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு நீளமாக ஒலிக்கவிடுகிறார் கலைஞர். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட்டனை வேகமாக அழுத்தி அழுத்தி விடுகிறார். ஒரே நீளமாக வந்துகொண்டிருந்த ஒலி, 'த-த-த-த' என்று துண்டு துண்டாக நறுக்கிப் போட்டதுபோல வருகிறது. பழுதான ரேடியோ விட்டு விட்டுப் பாடுவதைப்போல. அல்லது மேடையில் டி.ஜே இசைத்தட்டைத் தேய்ப்பதைப்போல.

கம்பியைக் கையால் அமுக்கினாலும் சத்தம் நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும். ஆனால், கையால் அமுக்கினால் கம்பியின் அதிர்வே செத்துவிடும். மறுபடி சத்தம் வேண்டுமென்றால் மறுபடி மீட்ட வேண்டும். கில் ஸ்விட்சில் கம்பி அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். பட்டனை விட்டதும் அதே ஸ்வரம் பாதியிலிருந்து தொடரும். காதுக்கு விசித்திரமாகப் படுவது இந்தப் 'பாதியிலிருந்து தொடர்வது'தான்.

தேநீருக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்

பயணத்தின் முதல் பாதி ஒச்சனோமிஸு. பெயருக்கு 'தேநீருக்கான நீர்' என்று பொருள். இங்கிருந்த ஒரு கோயிலின் ஊற்றுநீரை எடுத்து ஷோகுன் தொகுகவா ஹிடெடாடாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள் என்பது பெயர்க்காரணம். ஊற்று இன்று இல்லை. பெயர் மட்டும் ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது.

ஸ்டேஷன், கண்டா நதியின் கரைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கிழக்கு வாசலில் இறங்கினால் ஹிஜிரி பாலம். 1923-ல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1927-ல் கட்டியது. ஆற்றின் ஒரு பக்கம் கன்ஃபூஷியஸுக்கான யுஷிமா செய்டோ ஆலயம். மறுபக்கம் நிகோலாய்-டோ என்கிற ரஷ்ய மரபு கிறிஸ்தவப் பேராலயம். இரண்டு புனிதத் தலங்களை இணைப்பதால் பாலத்துக்கு 'ஹிஜிரி', அதாவது 'புனிதர்' என்று பெயர். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் ஆரஞ்சு கோடு, மஞ்சள் கோடு, சிவப்பு மெட்ரோ என்று மூன்று ரயில்கள் மேலும் கீழுமாகக் கடந்துபோகும். போட்டோ பிரியர்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கிற இடம் இது.

கிடார் வேண்டுமென்றால் மேற்கு வாசல். அங்கிருந்து தெற்கே இறங்குகிற சரிவான சாலைதான் மெய்டாய் டோரி. மெய்ஜி பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய சாலை. வாசலை விட்டு வெளியே வந்ததுமே கிடார்கள் தொடங்கிவிடும். கடைக்கு வெளியே நடைபாதை ஓரத்தில் வரிசையாக நிற்கும். உள்ளே போனால் சுவர் முழுக்கத் தொங்கும். மாடிப்படி ஏறினால் அங்கேயும் கிடார்தான். புதியது, பழையது, இடதுகைக்காரர்களுக்கானது, பேஸ் கிடார் மட்டும், எஃபெக்ட் பெடல் மட்டும் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனி ருசி.

இந்தச் சரிவில் ஏன் இத்தனை கிடார்? மாணவர்கள்தான் காரணம். மெய்ஜி, நிஹோன் என்று பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நெருக்கியடிக்கிற பகுதி இது. சரிவின் அடிவாரத்தில் ஜிம்போச்சோ என்கிற பழைய புத்தகக் கடைத்தெரு. அதைத் தாண்டினால் ஸ்கீயிங் சாமான் விற்கும் கடைகள். ஒரு கல்லூரி மாணவர் எதற்கெல்லாம் ஆசைப்படுவாரோ அதெல்லாம் வரிசையாக இருக்கிறது.

1965-ம் ஆண்டை ஜப்பானிய கிடார் ரசிகர்கள் மறப்பதில்லை. அமெரிக்காவின் 'தி வென்ச்சர்ஸ்' குழு அந்த ஆண்டு ஜப்பானைச் சுற்றி வாசித்தது. நாடு முழுக்க எலெக்ட்ரிக் கிடார் மோகம் பற்றிக்கொண்டது. 'எலெகி' என்று அதற்குச் செல்லப்பெயரும் வந்தது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லி சில பள்ளிகள் எலெக்ட்ரிக் கிடாருக்குத் தடையே போட்டன! தடைபோட்ட பொருளுக்கு மவுசு கூடுவது எந்த ஊரிலும் நடப்பதுதானே?

முகமூடி, பக்கெட், சிவப்பு பட்டன்

அதே 1965-ல் இங்கிலாந்தில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், 'எனிவே, எனிஹவ், எனிவேர்' என்ற பாட்டில் ஒரு குறும்பு செய்தார். கிடாரில் எந்த பிக்கப்பின் ஒலி வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன நெம்புகோல் ஸ்விட்ச் இருக்கும். அதை இப்படியும் அப்படியும் தட்டி ஒலியை விட்டு விட்டு வரவைத்தார்.

இந்த உத்தியைத் தன் அடையாளமாகவே மாற்றிக்கொண்டவர் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' குழுவின் டாம் மொரெல்லோ. 1996-ல் வந்த 'புல்ஸ் ஆன் பரேட்' பாட்டின் நடுவில், டி.ஜே ஒருவர் இசைத்தட்டைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வரும். அந்தக் குழுவில் டி.ஜே-யே கிடையாது. இடது கையால் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டே வலது கையால் ஸ்விட்சைத் தட்டியவர் மொரெல்லோதான்.

இவர்கள் இருவரும் கிடாரில் ஏற்கெனவே இருந்த ஸ்விட்சைப் பயன்படுத்தினார்கள். தனியாக ஒரு பட்டன் வைத்து, அதை ரசிகர்களின் கண்ணில் பதியவைத்தவர் பக்கெட்ஹெட். வெள்ளை முகமூடி, தலையில் வறுத்த கோழி வாங்குகிற பக்கெட். இந்தக் கோலத்தில்தான் மேடையேறுவார். 2000 முதல் 2004 வரை 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' குழுவிலும் வாசித்தவர். பொம்மை, தீம் பார்க், கேம் சென்டர் என்று சிறுபிள்ளை உலகத்தின் மேல் தீராத பிரியம். அவருடைய வெள்ளை நிற லெஸ் பால் கிடாரில் கேம் மெஷினில் இருப்பதுபோலவே சிவப்பு பட்டன்கள் இருக்கும். கிப்சன் நிறுவனம் அவர் பெயரில் வெளியிட்ட மாடலிலும் அவை உண்டு. அவருடைய முதல் ஆல்பமான 'பக்கெட்ஹெட்லேண்ட்' 1992-ல் வெளியானதும் ஒரு ஜப்பானிய லேபிளில்தான்.

கிடாரில் கேம் பட்டனைப் பார்த்தவர்கள், அடுத்துத் தேடியது அந்தப் பட்டன் எங்கே கிடைக்கும் என்பதை. ஒச்சனோமிஸுவில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்கு விடை கூப்பிடு தூரத்தில்.

ரயிலை விட்டு நடந்தால்...

இரண்டு நிமிட ரயிலைவிட இருபது நிமிட நடை நல்லது. ஹிஜிரி பாலத்தைக் கடந்தால் யுஷிமா செய்டோ. மரங்களுக்குள் கறுப்பு நிற ஆலயம். தேர்வு எழுதுகிற மாணவர்கள் வேண்டிக்கொள்ள வருவார்கள். அதற்குச் சற்று மேலே கண்டா மியோஜின் கோயில். அகிஹபராவுக்குக் காவல் தெய்வம் மாதிரி. இங்கே கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராமல், தகவல் திருடு போகாமல் காக்கும் தாயத்து விற்கிறார்கள் என்றால் நம்பத்தான் வேண்டும். லேப்டாப்பில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கரும் உண்டு!

அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கினால் சிவப்புச் செங்கல் வளைவுகள் தெரியும். 1912-ல் திறந்து 1943-ல் மூடிய மன்செய்பாஷி ரயில் நிலையத்தின் மிச்சம். 2013 முதல் அந்த வளைவுகளுக்குள் கடைகளும் காபி கஃபேக்களும் இயங்குகின்றன. ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து கால்வலி ஆறலாம். பாலத்தைத் தாண்டினால் அகிஹபரா.

இந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு கோயில் இருக்கிறது. 1869-ல் இங்கே பெரிய தீ விபத்து. அடுத்த ஆண்டு தீயிலிருந்து காக்கும் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள். தீ தடுக்கும் தெய்வமென்றால் மக்களுக்கு 'அகிபா'தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரே மைதானத்துக்கும், பிறகு ஸ்டேஷனுக்கும் நிலைத்தது. தீயணைக்கும் சாமியின் பெயரைத் தாங்கிய ஊர், பிற்காலத்தில் சால்டரிங் அயர்ன் விற்பதற்குப் புகழ்பெற்றது தனிக்கதை.

தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சந்தை

இன்று அகிஹபரா என்றால் அனிமே பொம்மைகளும், வேலைக்காரப் பெண் உடையில் பரிமாறும் கஃபேக்களும், கண்ணைப் பறிக்கும் விளம்பரப் பலகைகளும்தான் பலருக்கு நினைவு வரும். இவையெல்லாம் பிறகு வந்தவை. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ரேடியோ.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். டோக்கியோ சாம்பலாகக் கிடந்தது. செய்தி கேட்க எல்லாருக்கும் ரேடியோ வேண்டும்; முழு ரேடியோ வாங்க யாரிடமும் காசில்லை. பக்கத்து கண்டா பகுதியில் மின் பொறியியல் படித்த மாணவர்கள், உதிரி பாகங்களை வாங்கி ரேடியோ செய்து விற்றுப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வால்வும் காயிலும் கண்டென்சரும் விற்க, தெருவோரத்தில் வரிசையாகக் கடைகள் முளைத்தன.

1949-ல் ஜப்பானை நிர்வகித்த நேச நாட்டுப் படைத் தலைமை, தெருக்கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. கடைக்காரர்கள் கூடிப் பேசிப் போராடியதில் மாற்று இடம் கிடைத்தது. அகிஹபரா ஸ்டேஷனை ஒட்டி, உயர்த்திக் கட்டிய ரயில் பாதைக்குக் கீழே! அப்படி உருவானதுதான் 'ரேடியோ சென்டர்'. அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஓடுவது அதே மஞ்சள் கோடு சோபு லைன். ஒச்சனோமிஸுவிலிருந்து கிடாரோடு ரயிலில் வருகிறவர், பட்டன் கடையின் கூரைக்கு மேலேயேதான் வந்து சேர்கிறார்.

உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஒவ்வொரு கடையும் ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். நடுவில் கடைக்காரர் உட்கார்ந்திருக்க, கைக்கு எட்டும் தூரத்தில் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சின்னப் பெட்டிகள். ஒரு கடை முழுக்க ஸ்விட்ச் மட்டும். ஒரு கடை முழுக்க ஒயர் மட்டும். இன்னொன்றில் பிளக், சாக்கெட், ஜாக் மட்டும். மளிகைக் கடையில் மிளகு, சீரகம் பார்ப்பதுபோல ஸ்விட்சை எடுத்து அழுத்திப் பார்த்து வாங்கலாம். பக்கத்தில் 'ரேடியோ டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்கிற பல மாடிக் கட்டடத்திலும் இதே மாதிரிக் கடைகள் உண்டு.

எந்தப் பட்டன்?

ஜப்பானில் கேம் மெஷின் பட்டன் செய்வதில் பெயர்பெற்றவை சான்வா டென்ஷி, செய்மிட்சு ஆகிய இரண்டு நிறுவனங்கள். பொதுவாக இரண்டு அளவுகள்: விளையாட்டுக்கு 30 மில்லிமீட்டர், 'ஸ்டார்ட்' பட்டனுக்கு 24 மில்லிமீட்டர். விலை சில நூறு யென்கள்தான். கிடாரில் இடம் குறைவு என்பதால் 24 மி.மீ பலருக்கு வசதி. அதுவே பெரிதாகத் தெரிகிறது என்பவர்களுக்கு இன்னும் சின்ன உலோக பட்டன்களும் ஸ்விட்ச் கடைகளில் கிடைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, அழுத்தும்போது மட்டும் இணைந்து, விட்டதும் பிரிகிற வகையாக இருக்க வேண்டும். வீட்டு காலிங்பெல் ஸ்விட்ச் மாதிரி. ஒருமுறை அழுத்தினால் ஆன், மறுமுறை அழுத்தினால் ஆஃப் என்கிற வகை இதற்கு உதவாது. இதற்கு நேர்மாறாக, அழுத்தினால் பிரிகிற வகையும் உண்டு. அதைத் தெரியாமல் பொருத்தினால் கிடார் எப்போதும் ஊமையாக இருக்கும். பட்டனை அழுத்தினால் மட்டும் பாடும்!

இரண்டு, பட்டனின் அடிப்பகுதி நீளம். கிடாரின் உட்குழியில் அவ்வளவு ஆழம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போவதே நல்லது.

மூன்று, பிடிமானம். 'கிளிக்'கென்று அழுத்திச் செருகுகிற வகை, மெல்லிய தகட்டுக்கானது. கனமான மரப்பலகைக்கு, கீழே மரை வைத்து முடுக்குகிற வகைதான் நிற்கும்.

மடை மாற்றும் வேலை

பொருத்துவது எப்படி? முதலில் கிடாருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு காயில். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காயிலில் மிக மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. அது ஒயர் வழியாக கிடாரின் ஜாக்குக்குப் போய், அங்கிருந்து கேபிளில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது.

ஜாக்கில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று ஒலி போகிற வழி. மற்றது கிரவுண்ட். பட்டனிலும் இரண்டு முனைகள். பட்டனின் ஒரு முனையிலிருந்து ஜாக்கின் ஒலி முனைக்கு ஓர் ஒயர். மறு முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஓர் ஒயர். எதை எதில் வைத்தாலும் சரி, மாறினால் பாதகமில்லை. இரண்டையும் சால்டரிங் செய்தால் வேலை முடிந்தது.

பட்டனை அழுத்தியதும் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டிய ஒலி, குறுக்குவழியில் கிரவுண்டுக்கு ஓடிவிடுகிறது. வயலில் மடை மாற்றிவிடுகிற மாதிரிதான். தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வயலுக்குப் போகாமல் வடிகாலுக்குப் போகிறது. விட்டதும் மறுபடி வயலுக்கு.

ஒலி போகிற ஒயரையே வெட்டி நடுவில் ஸ்விட்ச் வைத்தாலும் சத்தம் நிற்கும்தானே? நிற்கும். ஆனால், அப்போது ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த கேபிள் அந்தரத்தில் நிற்கும். சுற்றியுள்ள மின்சாரத்தின் 'ம்ம்ம்' இரைச்சலை அது பிடித்துக்கொண்டு வரும். மௌனத்துக்காக வைத்த பட்டன் இரைச்சலைக் கொடுத்தால் எப்படி? அதனால்தான் மடை மாற்றும் முறை.

பேட்டரி இல்லாத சாதாரண கிடாரில் பாயும் மின்சாரம் ஆளுக்கோ பிக்கப்புக்கோ ஆபத்தில்லாத அளவுதான். ஆனாலும் கேபிளைக் கழற்றிவிட்டே கைவைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரைத் திறக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. வால்வு ஆம்ப்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

துளை போட்டால் போட்டதுதான்

ஒயரிங் அரைமணி நேர வேலை. யோசிக்கவைப்பது துளை.

24 மி.மீ பட்டனுக்கு 24 மி.மீ துளை வேண்டும். மரத்தில் போட்ட துளையை அடைக்கலாம். ஆனால் மறைக்க முடியாது. மறுவிற்பனையில் துளை போட்ட கிடாருக்கு விலை குறையும். ஒச்சனோமிஸுவில் பழைய கிடார் கடைகளில், ஒரிஜினல் திருகாணி மாறியிருந்தால்கூட அதைச் சீட்டில் எழுதி வைப்பார்கள். கூடுதலாக ஒரு துளை என்றால் கேட்கவே வேண்டாம். அப்பா வாங்கிக் கொடுத்ததோ, தாத்தா வாசித்ததோ என்றால் அது விலையைத் தாண்டிய விஷயம்.

அதனால் டிரில்லை எடுக்குமுன் துளை போடாத வழிகளைப் பார்த்துவிடுவது நல்லது. லெஸ் பால் மாதிரி இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள கிடாரில், ஒரு வால்யூமை பூஜ்யத்தில் வைத்துவிட்டு, நெம்புகோல் ஸ்விட்சைத் தட்டினால் போதும். மொரெல்லோ செய்வது இதைத்தான். செலவு பைசா கிடையாது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒரே வால்யூம்தான் இருப்பதால் இது நடக்காது. ஆனால், அதில் வேறு வசதி இருக்கிறது. மேலே திருகாணி போட்டு மூடிய பிளாஸ்டிக் தகடு தனியாகவே விலைக்குக் கிடைக்கும். புதிய தகட்டை வாங்கி அதில் துளை போட்டுக்கொண்டு, பழையதைப் பத்திரமாக எடுத்துவைக்கலாம். மனசு மாறினால் மாட்டிவிடலாம். கீழே மரத்தில் போதுமான குழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதிகம் பயன்படுத்தாத டோன் திருகியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையிலேயே சின்ன பட்டன் வைப்பவர்களும் உண்டு.

மரத்தில்தான் துளை என்று முடிவெடுத்தவர்கள், சொந்தமாக முயல்வதைவிட ரிப்பேர் பிரிவு உள்ள கிடார் கடையில் கொடுப்பது புத்திசாலித்தனம். பட்டன் எங்கே வர வேண்டும் என்பதை நின்றுகொண்டு வாசித்துப் பார்த்து, விரல் இயல்பாகப் போகிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிச் சில நாள் பழகிய பிறகே குறிக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும்போது வசதியாக இருக்கிற இடம், நிற்கும்போது எட்டாது.

மூடிய ஷட்டர்கள்

அகிஹபராவின் சந்துகளில் நடக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். பல கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் வயதானவர்கள். ரேடியோ சென்டருக்குப் பக்கத்திலேயே, அதே தெருக்கடைக் காலத்தில் பிறந்த 'ரேடியோ ஸ்டோர்' என்ற சந்தை, 2013 நவம்பர் 30-ம் தேதி நிரந்தரமாக மூடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சந்தை. உதிரி பாகங்கள் இணையத்தில் கிடைக்க ஆரம்பித்ததும், பழுதானதைத் திறந்து பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது சுலபமானதும் ஒன்றுசேர்ந்து இந்தத் தொழிலை மெலியவைத்துவிட்டன.

பட்டன் பிறந்த கேம் சென்டர்களின் கதையும் அப்படித்தான். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 30-ம் தேதி, அகிஹபராவின் அடையாளங்களில் ஒன்றாக இருந்த சேகா கேம் சென்டரின் இரண்டாவது கட்டடம் மூடப்பட்டது. கடைசி நாளில் வாசலில் கூடிய ரசிகர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள். அதே ஆண்டு இறுதியில் சேகா தன் கேம் சென்டர் தொழிலின் பெரும்பகுதிப் பங்கை விற்றது. 2022-ல் மிச்சத்தையும் விற்க, பலகைகளில் 'சேகா' போய் 'கிகோ' என்ற பெயர் வந்தது.

இதெல்லாம் கிடார் வாசிப்பவருக்கு எதற்கு? பட்டனைப் போனிலேயே ஆர்டர் செய்துவிடலாமே? செய்யலாம். ஆனால், பட்டனின் மேல் விரலை வைத்தால் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்த இடத்தில் 'கிளிக்' ஆகிறது, எவ்வளவு வேகமாக மேலே எழும்புகிறது என்பது போட்டோவில் தெரியாது. ஒரு நொடிக்குள் ஏழெட்டு முறை அழுத்தப்போகிற பொருளுக்கு அதுதான் முக்கியம். நான்கு பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கடைக்காரர் விடுகிற ஒரு சந்து உலகத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது. போரில் எரிந்த நகரத்தில் ரேடியோ செய்ய வந்த மாணவர்களுக்கு அந்தச் சந்து கொடுத்தது எதுவோ, இன்று கிடாரோடு வருகிற மாணவருக்கும் அதையேதான் கொடுக்கிறது: பொருளைத் திறந்து பார்க்கிற துணிச்சலையும், அதற்கான உதிரி பாகத்தையும்!

போகிறவர்களுக்கு...

ஒச்சனோமிஸு, அகிஹபரா இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் கிடார், மதியத்துக்குப் பின் உதிரி பாகம் என்று வைத்துக்கொள்வது வசதி. ரேடியோ சென்டர் கடைகள் இரவு வரை திறந்திருக்காது. மாலையிலேயே ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிவிடும்.

கிடார் கடையில் சுவரில் தொங்குவதைத் தானாக எடுக்கக் கூடாது. ஊழியரிடம் கேட்டால் இறக்கி, சுருதி சேர்த்து, உட்காரச் சொல்லிக் கொடுப்பார்கள். பெல்ட் பக்கிள், சட்டை பட்டன் உரசிக் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதிரி பாகச் சந்துகளில் ரொக்கம் கையில் இருப்பது நல்லது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிடாரின் உட்குழியைப் போனில் போட்டோ எடுத்து, அளவை எண்ணில் எழுதிக் காட்டினால் போதும். சந்து குறுகல் என்பதால் முதுகில் கிடார் பையை மாட்டிக்கொண்டு திரும்பினால், பின்னால் இருக்கிற ரெசிஸ்டர் பெட்டிகள் சரிந்துவிடும். பையை முன்பக்கம் கையில் பிடித்துக்கொள்வதே மரியாதை.

விலை மலிவாக இருக்கிறதே என்று அங்கேயே சால்டரிங் அயர்னும் வாங்கிவிட வேண்டாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரின் 230 வோல்ட்டில் செருகினால் அயர்ன் போய்விடும். பட்டனுக்கு அந்தக் கவலை இல்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.